திராட்சைத் தோட்டமும் தொழிற்பேட்டையும்

இறைவார்த்தையை வாசிப்பது ஒன்று. அதற்குப் பொருள் காண்பது மற்றொன்று. கண்ட பொருளை நாம் குடியிருக்கும் தெருவில் வைத்துப் பார்ப்பது இவ்விரண்டினும் கடினமானது. ஞாயிறுதோறும் நற்செய்தியைக் கேட்கும் நாம், முதலிரண்டையும் குருக்களுக்கும் மறைநூல் வல்லுநர்க்கும் விட்டுவிடுகிறோம். மூன்றாவதை எவருக்கும் விடாமலே மறந்துவிடுகிறோம். ஆனால் மூன்றாவது பணி பொதுநிலையினராகிய நமக்கே உரியது. ஆலை வாயிலிலும் வாடகை வீட்டிலும் சந்தையிலும் நாளும் நிற்பவர்கள் நாமே அல்லவா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் இறைமக்களுக்கு இப்பணி இன்னும் அவசரமானது. ராகியும் ரோஜாவும் மாவும் விளைந்த இந்த எல்லை நிலத்தில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரிய ஆலைகள் 1980களில் எழுந்தன. 1997இல் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்த தெருக்களில் இன்று இந்தியும் ஒடியாவும் ஒலிக்கின்றன. இந்த மண்ணில் நின்று நாம் மீண்டும் வாசிக்க வேண்டிய பகுதியாக மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை (மத் 20:1-16) எடுத்துக்கொள்வோம்.

பழைய வாசிப்பும் புதிய கேள்வியும்

உவமை நாம் அறிந்ததே. நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி வேலையாள்களை அமர்த்துகிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், இறுதியாக மாலை ஐந்து மணிக்கும் மீண்டும் செல்கிறார். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கிறார். எல்லாருக்கும் ஒரே தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஓரிஜனும் பெரிய கிரகோரியாரும் இந்த ஐந்து வேளைகளை உலக வரலாற்றின் காலங்களாகவும் மனித வாழ்வின் பருவங்களாகவும் விளக்கினர். முதுமையில் மனந்திரும்புபவருக்கும் அதே விண்ணகம் உண்டு என்ற ஆறுதலை அவ்விளக்கம் தலைமுறைகள் பலவற்றுக்கு அளித்தது. அது பிழையான வாசிப்பு அன்று. ஆயினும் அதோடு நின்றுவிட்டால், சந்தைவெளியில் வெயிலில் நின்றவர்கள் வெறும் அடையாளங்களாக மறைந்து போகிறார்கள். உவமையை முதலில் கேட்ட கலிலேயக் கூலியாளுக்கோ அவர்கள் அடையாளங்கள் அல்லர். அவனே அவர்களுள் ஒருவன். ஒரு தெனாரியம் என்றால் அவனுக்கு அன்றைய அடுப்பு.

மறைநூலை அது எழுந்த சூழலில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டு தெளிவாக்கியது. 1993இல் திருத்தந்தையின் விவிலியக் குழு வெளியிட்ட ஏடு, இறைவார்த்தையை இன்றைய வாழ்வுக்குப் பொருத்துவது திருச்சபையின் கடமை என்றது. சூழலை மறந்து எழுத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் வாசிப்பின் ஆபத்தையும் எச்சரித்தது. நம் நாட்டு மறைநூல் அறிஞர் ஜார்ஜ் சோரஸ் பிரபு, 1995இல் மறையும்வரை, இந்தியாவின் வறுமையையும் சாதியையும் பல சமயச் சூழலையும் மறந்து இங்கே விவிலியம் படிக்க இயலாது என்று வலியுறுத்தி வந்தார்.

உவமை தலைகீழாகும் இடம்

அவ்வாறு படிக்கும்போது நம்மைத் திகைக்கவைக்கும் ஒன்று தெரிகிறது. உவமையில் உழைத்த நேரம் வேறு வேறு, கூலி ஒன்று. நம் காலத்துத் தொழிற்பேட்டைகள் பலவற்றில் உழைக்கும் நேரம் ஒன்று. கூலி வேறு வேறு. ஒரே கூரையின்கீழ், ஒரே வேலைமுறையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளர். மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளர். சீருடையின் நிறமே சில இடங்களில் அவர்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. உணவகமும் பேருந்தும் விடுப்பும் கூட வேறுபடுவதுண்டு.

அப்படியானால் உவமையில் முணுமுணுத்தவர்களின் குரல் இன்று எங்கே ஒலிக்கிறது? கடைசியில் வந்தவர்களைத் தங்களுக்கு இணையாக்கிவிட்டதே அவர்களின் குறை. தங்கள் கூலி குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பேசிய கூலி அவர்கள் கையில் இருந்தது. அடுத்தவன் உயர்ந்ததே அவர்களுக்கு வலித்தது. நம் பங்குகளில் நிரந்தரப் பணியில் இருப்போரும் ஓய்வு பெற்றோரும் பலர். அவர்களின் ஊதியம் சலுகையாகக் கிடைத்தது அன்று. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தால் கிடைத்தது. அதை எவரும் பழிக்க வேண்டியதில்லை. நிலக்கிழாரும் முதலில் வந்தவர்களின் கூலியில் கைவைத்துக் கடைசியில் வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனால், நம் உயர்வு அடுத்தவரின் தாழ்வால்தான் உயர்வாகத் தெரிகிறது என்று நாம் எண்ணத் தொடங்கும்போது, முணுமுணுத்தவர்களின் வரிசையில் போய் நின்றுவிடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரு மணி நேரம் உழைத்தவருக்கு நாள் முழுதும் உழைத்தவரின் கூலியைக் கொடுத்தால் எந்த ஆலை நடக்கும்? நியாயமான கேள்வி. உவமை ஊதியப் பட்டியல் அன்று. அதை அப்படியே சட்டமாக்குவதும் சூழலை மறந்த வாசிப்பே ஆகும். விண்ணரசு இத்தகையது என்றுதான் இயேசு தொடங்குகிறார். ஆனால் அவர் விண்ணரசை விளக்கக் கூலிச் சந்தையைத் தேர்ந்துகொண்டதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. எவரும் வேலைக்கு அழைக்காததால் ஒருவரின் குடும்பத்துக்குப் பசி குறைந்துவிடுவதில்லை. மனிதரின் தேவையைப் பார்க்கும் கண் கடவுளுடையது. அந்தக் கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டு விண்ணரசுக்காகச் செபிக்க முடியாது. தொழிலாளி மனமுவந்து ஒப்புக்கொண்ட கூலியானாலும், அவர் எளிமையாக வாழவும் போதாதென்றால் அது நீதியான கூலி ஆகாது என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் கற்பித்தார்.

மற்றொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். தம்முடையதைத் தம் விருப்பப்படி கொடுக்கத் தமக்கு உரிமை இல்லையா என்று நிலக்கிழாரே கேட்கிறாரே. அப்படியானால் முதலாளியின் விருப்பமே முடிவானது அல்லவா? இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவோர் முன்னுள்ள வரிகளை விட்டுவிடுகிறார்கள். அவர் முதலில் பேசிய கூலியை முழுதும் கொடுத்தார். அதன்பிறகே தம் விருப்பத்தைப் பற்றிப் பேசினார். நீதியின் தளத்துக்கு மேலே எழும் தாராளம் அவர் விருப்பம். தளத்தையே இடிக்கும் உரிமையை அவர் கேட்கவில்லை.

யார் சந்தைவெளிக்குச் செல்கிறார்?

உவமையில் எளிதில் கண்ணில் படாத ஒரு செய்தி உண்டு. மேற்பார்வையாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் அவர் மாலையில் கூலி கொடுக்கும்போதுதான் தோன்றுகிறார். வேலையாள்களைத் தேடி ஐந்து முறை நடந்தவர் நிலக்கிழாரே. அவர்களிடம் பேசியவரும், அவர்களின் பதிலைக் கேட்டவரும் அவரே. இன்றைய ஏற்பாட்டில் நிலக்கிழார் சந்தைவெளியைப் பார்ப்பதே இல்லை. இடையில் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டி வருபவர். தொழிலாளிக்குக் குறை நேர்ந்தால் அவர் எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவ வழி இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்றது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை அதன் மத்திய விதிகள் 1971இலேயே கூறின. சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறலாம்; பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மாறுவதில்லை.

இந்தக் கேள்வி ஆலை உரிமையாளரோடு முடிவதும் இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நேரடியாக வேலை கொடுப்பவரோடு மறைமுகமாக வேலை கொடுப்பவரைப் பற்றியும் பேசினார். கூலியையும் வேலை நிலைமையையும் உருவாக்கும் சட்டங்கள், நிறுவனங்கள், பழக்கங்கள் எல்லாம் அதில் அடங்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரைக் குடிவைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரரும், மலிவாகக் கிடைக்கும்வரை எதையும் கேட்காமல் வாங்கும் நாமும் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறோமா?

உவமையின் முதல் வேலையாள்கள் விடியல் முதல் பொழுது சாயும்வரை பன்னிரண்டு மணி நேரம் உழைத்தார்கள். அவர்களின் வேதனைக் குரலில் அந்த வெயிலின் கடுமை தெரிகிறது. இருபது நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த முன்வடிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாள் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த நாள், 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பருக்கென ஏற்படுத்திய திருநாள். நம் ஆலயங்களில் அன்று கருவிகளை மந்திரித்தோம். மனித உடலின் எல்லையைப் பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்த கேள்வியை எத்தனை பீடங்களில் நினைத்தோம்?

சீலோவாம் கோபுரமும் பட்டாசுத் தீயும்

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றிப் பதினான்குக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீபாவளிக்கு முன் சில வாரக் கூலிக்காகத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து சென்ற இளைஞர்கள் அவர்கள்; மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இத்தகைய சாவுகளின்போது நம் வாயில் எளிதாக வரும் சொல் விதி. சில செபக் கூட்டங்களில் பாவம் என்ற சொல்லும் வந்துவிடுகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியைப் பற்றி இயேசு பேசினார் (லூக் 13:4-5). இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். பின்னர் மனமாற்றத்தைக் கேட்டார், யாரிடம்? இறந்தவர்களிடம் அன்று, செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். இந்த வாசிப்பை நாம் ஏற்றால், கிடங்கு எங்கே இருக்க வேண்டும், வெளியேறும் வழி எத்தனை, உரிமம் எப்படி வழங்கப்பட்டது என்று கேட்பது அரசியல் தலையீடு ஆகாது. நற்செய்தி கேட்கும் மனமாற்றத்தின் ஒரு பகுதியே ஆகும்.

எல்லையில் வாழ்வோரின் நினைவு

கூலியாள் இஸ்ரயேலனானாலும் அந்நியனானாலும் அவனுடைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் (24:14-15). அதற்கான காரணத்தை அதே அதிகாரம் தருகிறது: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை மறவாதே. எல்லையில் வாழும் தமிழருக்கு இது தொலைதூர வரலாறு அன்று. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலின்போது பெங்களூருவில் தாக்கப்பட்ட தமிழர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை கடந்து ஓடி வந்தனர். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எல்லையில் நின்றன. அந்நியராய் இருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். அப்படியிருக்க, 2023 தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவி அவர்கள் அஞ்சி நின்றபோது, அவர்களின் அறைக் கதவைத் தட்டி அஞ்ச வேண்டாம் என்று சொன்ன அன்பியங்கள் எத்தனை?

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளையோருள் முண்டா, ஒராவோன், கரியா இனக் கத்தோலிக்கரும் உண்டு. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் சோட்டாநாக்பூருக்குச் சென்று, நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடியினருக்காக நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றார். அவ்வழியே விசுவாசம் பெற்ற மக்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று நம் தொழிற்பேட்டை விடுதிகளில் தங்குகிறார்கள். அவர்கள் மறைப்பணிக்காகக் காத்திருக்கும் அநாதைகள் அல்லர். நீதியோடு பிணைந்த விசுவாசத்தை நமக்கு நினைவூட்ட வந்த சகோதர சகோதரிகள். அவர்களின் மொழியில் மாதம் ஒரு திருப்பலி, வேலைமுறைக்கு ஏற்ற நேரம், பாடகர் குழுவில் ஓர் இடம், பங்குப் பேரவையில் ஒரு குரல் இருந்தால் ஆலயம் அவர்களுக்கும் வீடாகும்.

நம்முன் உள்ள பணி

நிலக்கிழார் ஐந்து முறை வெளியே சென்றார். வாயிலைத் திறந்துவைத்து வருவோரை வரவேற்பதோடு அவர் நிற்கவில்லை. நம் அன்பியங்களும் அதைக் கற்கலாம். வரிசை வீடுகளில் கூடிச் செபிக்கலாம். சம்பளச் சீட்டையும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும், இ.எஸ்.ஐ. அட்டையையும் படித்துப் புரிந்துகொள்ள உதவும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் அவர்கள் பங்கு அலுவலகத்தில் அமர்ந்தால் அதுவே ஒரு மறையுரை. வாடகைக்கு விடுவோர் காற்றும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள அறையை நியாயமான வாடகைக்குத் தரலாம். ஒப்பந்ததாரராய் இருப்போர் பேசிய கூலியைப் பிடித்தமின்றிக் குறித்த நாளில் கொடுக்கலாம். தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருப்போர் ஒப்பந்தத் தொழிலாளரின் கோரிக்கையையும் பேச்சு மேசைக்கு எடுத்துச் செல்லலாம்.

இவற்றில் எதுவும் எளிதன்று. சில நம் வருவாயைக் குறைக்கும், சில நம் உறவுகளைச் சோதிக்கும். ஆயினும் திருப்பலியில் நாம் அனைவரும் பெறுவது ஒரே அப்பம். முப்பது ஆண்டு பங்கில் இருப்பவருக்கும் முந்தைய நாள் இரயிலில் வந்திறங்கியவருக்கும் அளவில் வேறுபாடு இல்லை. அந்தப் பீடத்தில் ஏற்றுக்கொள்ளும் சமத்துவத்தை, மறுநாள் காலை ஆலை வாயிலிலும் நம் வீட்டு வாசலிலும் ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா என்று ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதம் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்.