ஊக்கக் குறைவும் உடலோம்பலும்

ஒரு துறையிற் பல்லாண்டு உழைத்து அறிவு முதிர்ந்த ஒருவர், அத்துறையின்கண் தமக்கிருந்த வேட்கை அவிந்தொழிந்தமை கண்டு ஒருநாள் திகைக்கின்றார். நூல் முன்னே கிடப்பவும் கை அதனை விரிக்க எழுகின்றிலது. கருவிகள் முன்போலவே உள, செயல் இல்லை. அந்நிலையில் அவர் தம்மைத் தாமே மடியர் என்று இகழ்வர். கண்டோரும் அங்ஙனமே கூறுவர். ஊக்கம் குன்றுதல் உயிரின் குற்றமோ, உடலின் குற்றமோ? இழந்த ஊக்கத்தை மீட்கும் நெறி யாது? இவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இதற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்து நாட்டு இயற்கைநூல் அறிஞர் மைக்கேல் பாரடே என்பாரது வாழ்க்கையைக் கொள்வாம். அவர் 1791-ஆம் ஆண்டிற் கொல்லர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டுந் தொழில் பயின்று, 1813-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தே உதவியாளராய்ப் புகுந்தார். 1831-இல், காந்தத்தின் அசைவாற் கம்பிச் சுருளின்கண் மின்னோட்டம் தோன்றுதலைக் கண்டறிந்தார். அதன்பின் எட்டாண்டு இடையறாது உழைத்த அவர்க்கு, 1839-ஆம் ஆண்டின் இறுதியில் தலைச்சுற்றலும் மறதியும் மிக்குத் தோன்றின. உற்றார் வற்புறுத்த ஓய்வு கொண்டார். சில ஆண்டளவும் அவரது ஆராய்ச்சி பெரும்பாலும் தடைப்பட்டு நின்றது.

1841-ஆம் ஆண்டில் மனைவியாரோடும் மைத்துனரோடும் சுவிட்சர்லாந்து நாட்டிற்குச் சென்றார். ஐம்பதை அணுகிய அகவையினராகிய அவர், அந்நாட்டு மலைகளினிடையே நாடோறும் நடந்தனர். ஒருநாள் கெம்மி என்னும் கணவாயைக் கடந்து தூன் நகர் வரை ஏறக்குறைய 45 மைல் நடந்தனர் என்ப. இஃது உடல் வன்மை மீண்டதற்குச் சான்றாம். ஆயினும் அறிவுத்தொழில் அக்கணமே மீண்டதில்லை. நான்காண்டு கழிந்து, 1845 செப்டம்பரிலேயே, காந்தத்தின் ஆற்றல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புதலை அவர் கண்டார். அவ்வாண்டு நவம்பரிற் காந்தத்தால் விலக்கப்படும் இயல்பு பற்பல பொருள்களுக்கு உண்டென்பதையும் நிறுவினார். முதலாவதற்கு உதவிய கனத்த கண்ணாடி, அவரே 1825-ஐ அடுத்த ஆண்டுகளில் வருந்தி ஆக்கியது. அன்று கருதிய பயனைத் தாராத அவ்வுழைப்பு, பின்னர்ப் பிறிதொரு பயனைத் தந்தமை உணரற்பாலது.

இனி இதனைச் சித்தாந்த நெறி பற்றி ஆராய்வாம். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாக உள. ஆணவமலம் அவற்றை மறைத்து நிற்றலின், அம்மறைப்பைச் சிறிதே நீக்கிக் கிரியையை எழுப்பக் கலையும், ஞானத்தை விளக்க வித்தையும், இச்சையை எழுப்ப அராகமும் மாயையினின்றும் தோற்றுவிக்கப்படுகின்றன. அவற்றோடு காலமும் நியதியும் கூட ஐந்து கஞ்சுகமாம். எனவே, ஊக்கம் என நாம் வழங்குவது உயிர் தனித்து நின்று நிகழ்த்துவதோர் செயல் அன்று. கருவிகளோடு கூடியவிடத்தே நிகழ்வதொன்று என்பது பெறப்படும்.

திரி கருகி எண்ணெய் வற்றியவிடத்துச் சுடர் மங்கும். சுடரை வைதலாற் பயனென்னை? திரியைத் தூண்டி எண்ணெய் வார்த்தலே செயற்பாலது. அங்ஙனமே, உறக்கம் குறைந்து, ஓரிடத்தே இருந்திருந்து, உடம்பு தளர்ந்தவிடத்து, நுண்ணிய கருவிகள் உளவாயினும் அவற்றின் தொழில் புறத்தே விளங்கமாட்டாது. ஆகலின் மடியன் எனத் தம்மை இகழ்தல், நோய்முதல் அறியாது செய்யும் மருத்துவம் போல்வதாம்.

அற்றேல், நிலையாத உடம்பைப் பேணுதல் பற்றினை வளர்ப்பதன்றோ எனின், அன்று என்க. தனுகரண புவன போகங்கள் உயிரின் பொருட்டுத் தரப்பட்டன. தரப்பட்ட கருவியைத் துருவேற விடுதல் துறவு ஆகாது; தந்தவன் கருத்தை மறத்தலேயாம். திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தே காயசித்தி உபாயம் ஒரு பகுதியாக வைத்து ஓதப்பட்டதும் இக்கருத்தே பற்றி என்க. உடம்பை அழகின்பொருட்டும் செருக்கின்பொருட்டும் பேணுதலே பற்றாவது.

இனி, உலகியல் ஆராய்ச்சி பாசஞானமாதலின், அதன்கண் ஊக்கம் அவிதல் நன்றேயன்றோ எனின், அதுவும் பொருந்தாது. பற்று நீங்கியதனால் வரும் ஓய்வு வேறு. தளர்ச்சியால் வரும் ஓய்வு வேறு. முன்னையது அமைதி தரும்; பின்னையது உள்ளத்தை அரிக்கும். தளர்ச்சியைத் துறவெனக் கொள்வார் தம்மைத் தாமே ஏமாற்றுவராவர்.

மற்று மீட்கும் நெறி யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. தளர்ச்சியைச் சார்ந்தவழித் தளர்ச்சியேயாய்த் தோன்றும்; தொழிலைச் சார்ந்தவழித் தொழிலேயாய் எழும். ஆகலின் ஊக்கம் வந்தபின் தொடங்குதும் எனக் காத்திருத்தல் பிழை. சிறிதாக முதற்கண் தொடங்கல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, முதிர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கின்றது. நாள்தோறும் அரைமணி நடப்பார்க்கு இஃது எளிதிற் கைகூடும். நெடுநாள் இருந்துவிட்டோர் பத்து நிமிடத்தினின்று தொடங்கிப் படிப்படியே மிகுத்தல் தகும். ஆராய்ச்சியையும் அங்ஙனமே, பெரும் பொருளை நாடாது, நாளொன்றுக்கு ஒரு பக்கம் படித்தல், ஒரு சிறு சோதனை செய்தல் என்னுமளவில் தொடங்குக.

ஈண்டு ஒன்று மறைத்தற்பாலதன்று. பாரடே முன்னைய நினைவாற்றலை முழுதும் திரும்பப் பெற்றிலர். மறதி அவரை இறுதிகாறும் தொடர்ந்தது. 1832 முதல் எண்ணிட்டு எழுதிவந்த குறிப்பேட்டைத் துணையாகக் கொண்டே அவர் தொழில் புரிந்தார். நடையொன்றே அவரை மீட்டது எனலும் மிகையாம். ஓய்வும் காலமும் உடன் வேண்டப்பட்டன. காலம் ஐந்து கஞ்சுகத்துள் ஒன்றாக வைக்கப்பட்டமையின் உண்மையை இவ்விடத்தே காண்க. எனவே, மீட்சி என்பது முன்போல் ஆதல் அன்று. எஞ்சிய கருவியைக் கொண்டு இயன்றதனை மனமுவந்து செய்தல் என்பதே துணிபு.

ஊக்கம் மிக்கிருந்த நாளில் இவையெல்லாம் எம் ஆற்றலால் ஆயின என எண்ணியிருந்தோம். அது குன்றிய நாளிலே அவ்வாற்றல் எம்முடையது அன்றென்பது விளங்கிற்று. தளர்ச்சி தரும் பயன் இதுவேயாம். இதனை உணர்ந்தார், மீண்டும் தொழிலிற் புகுங்கால் செருக்கின்றிப் புகுவர். புக்க தொழிலும் அவர்க்குச் சுமையாகாது. ஏடு விரித்து நெடும்பொழுது அமர்ந்திருக்கும் அன்பர்கள் இன்று மாலையே எழுந்து சிறிது நடப்பாராக.