அவையில் வாசிக்கப்படும் சட்டம்: ஓசையும் பொருளும்

ஒரு சட்டமுன்வடிவு மூன்று முறை வாசிக்கப்பட்ட பிறகே சட்டமாக வேண்டும் என்னும் வழக்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் நிலைபெற்று, அங்கிருந்து அமெரிக்கா, இந்தியா, இலங்கை எனப் பல நாடுகளின் அவைகளுக்குப் பரவியது. வாசிப்பு என்பது தொடக்கத்தில் வாய்விட்டு வாசிப்பதையே குறித்தது. அச்சுப் படிகள் உறுப்பினர்களின் கைக்கு வராத அக்காலத்தில் முன்வடிவு ஒற்றைக் கையெழுத்துப் படியாக அவையின் மேசைக்கு வரும். எழுத்தர் அதை உரக்க வாசிப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உறுப்பினர்கள் செவிவழியாகவே அறிந்தார்கள். நீண்ட முன்வடிவு கேட்ட அளவில் நினைவில் நிற்காது என்பதால் அதன் சாரத்தைச் சொல்லும் சுருக்கக் குறிப்பு ஒன்று உடன் இணைக்கப்பட்டிருக்கும். வாசிப்பு முடிந்ததும் அவைத்தலைவர் அக்குறிப்பைக் கொண்டு, இச்சட்டம் எதைச் செய்யக் கருதுகிறது என்று விளக்குவார். குழுவில் திருத்தப்பட்ட வாசகம் தோல்தாளில் செம்பிரதியாக எழுதப்பட்டு மூன்றாம் முறை வாசிக்கப்படும். சொற்களை ஒலித்தல், அவற்றின் பொருளை உணர்த்துதல், ஏற்பதா மறுப்பதா என்று தீர்ப்பளித்தல் ஆகிய மூன்றும் அன்று ஒரே அவையில், ஒரே செயலின் தொடர்ச்சியாக நடந்தன.

அச்சு வந்தபின் இந்தப் பிணைப்பு தளர்ந்தது. இன்று முதல் வாசிப்பு என்பது தலைப்பை மட்டும் படித்து, முன்வடிவை அச்சிட ஆணையிடும் சடங்கு. இரண்டாம் வாசிப்பு என்பது அதன் அடிப்படைக் கொள்கை குறித்த விவாதம். பிரிவு பிரிவாக ஆராய்வது குழு நிலையின் வேலை. மூன்றாம் வாசிப்பு என்பது முழு வடிவத்தை ஏற்பதா வேண்டாமா என்ற இறுதி முடிவு. பிரிட்டனின் காமன்ஸ் அவையில் ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும், அரசரின் உரையை எடுத்துக்கொள்வதற்கு முன், ஒருவரைச் சட்டக் காப்புக்குப் புறம்பானவர் என்று கள்ளத்தனமாக அறிவிப்பதைத் தடுக்கும் பழைய முன்வடிவு ஒன்று முதல் முறை வாசிக்கப்படுகிறது. அது இரண்டாம் வாசிப்புக்குப் போவதில்லை, அச்சாவதுமில்லை. அரசர் சொன்ன பொருளைத்தான் முதலில் பேச வேண்டும் என்ற கட்டாயம் அவைக்கு இல்லை என்பதைக் காட்டுவதே அதன் ஒரே பயன். சட்டமாக்கும் எண்ணமே இல்லாத ஒன்றை வாசிப்பதும் வாசிப்பாகவே கணக்கிடப்படுகிறது என்றால், சட்டம் இயற்றுவோருக்கு வாசிப்பு எவ்விதமான கடமை என்ற கேள்வி எழுகிறது. அவையில் சொற்கள் ஒலித்தால் அக்கடமை நிறைவேறிவிடுமா, பொருள் விளங்கினால்தான் நிறைவேறுமா என்பது வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. சமய மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட ஒரு கேள்வியின் வேறொரு வடிவம் அது.

வேதத்தை ஓத வேண்டும் என்ற விதி எதுவரை செல்கிறது என்பது மீமாம்சை அறிஞரிடையே பெரும் விவாதமாக இருந்தது. மீமாம்சை என்பது வேத வாக்கியங்களின் பொருளை நிர்ணயிக்கும் முறைகளை வகுத்த தரிசனம். குமாரில பட்டரின் வழிவந்தோர், ஓதுதல் பொருளறிவில் சென்று முடிய வேண்டும் என்றனர். கண்கூடான பயன் ஒன்று கிடைக்கும்போது, காணப்படாத புண்ணியப் பயனைக் கற்பித்துக்கொள்வது முறையாகாது என்பது அவர்களுடைய வாதம். இராமானுசரோ ஸ்ரீபாஷ்யத்தில் அத்யயனம், அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லிப் பயிலுதல், எழுத்துத் தொகுதியைப் பிழையின்றிப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது என்று கொண்டார். அப்படிக் கற்றவன் அச்சொற்கள் பயனுள்ள பொருளைக் குறிப்பதைத் தானே கண்டு, எவரும் ஏவாமலே பொருளாராய்ச்சியில் இறங்குகிறான் என்பது அவர் நிலை. இருதரப்பாரும் பொருளறிவைப் போற்றியவர்களே. பொருளறிவு விதியின் கட்டளையால் வருகிறதா, கற்றவனின் விருப்பத்தால் வருகிறதா என்பதில்தான் அவர்கள் பிரிந்தனர்.

எபிரேய மரபில் வாசிப்பு மக்கள் அனைவரையும் நோக்கியதாக அமைந்தது. ஏழாண்டுக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையின்போது ஆண், பெண், குழந்தை, ஊரில் தங்கிய அந்நியர் ஆகிய எல்லோரும் கேட்கும்படி திருச்சட்டம் வாசிக்கப்பட வேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிந்தைய எருசலேமில் குருவும் சட்ட அறிஞருமான எஸ்றா நடத்திய வாசிப்பை நெகேமியாவின் நூல் விரிவாகச் சொல்கிறது. தண்ணீர் வாசலுக்கு முன்னுள்ள வெளியில், மரத்தால் செய்த மேடைமேல் நின்று, விடியற்காலை முதல் நண்பகல் வரை அவர் வாசித்தார். லேவியர்கள் மக்களுக்குப் பொருளை விளங்கச் செய்தார்கள். அவர்கள் செய்தது மொழிபெயர்ப்பா, விளக்கவுரையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாசிப்பும் விளக்கமும் சேர்ந்தே நடந்தன என்பதில் ஐயமில்லை. மறுநாள் குலத் தலைவர்கள் குருக்களோடும் லேவியரோடும் எஸ்றாவிடம் கூடிச் சட்டத்தின் சொற்களை நுணுகி ஆராய்ந்து, தாங்கள் கைவிட்டிருந்த கூடார வாசக் கட்டளையை அதில் கண்டனர். பிறகே அதைச் செயற்படுத்தும்படி அறிவிப்பு வந்தது. முதல் நாள் ஊரே கேட்டு அழுதது உண்மை. எனினும் சட்டம் நடைமுறைக்கு வந்தது இரண்டாம் நாள் ஆராய்ச்சியால் என்பதே இங்குக் கருதத்தக்கது.

வேதத்துக்கும் மனிதர் இயற்றும் சட்டத்துக்கும் இடையே இவ்விடத்தில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வேதத்தின் ஒலிக்கே புனிதம் உண்டு என்று நம்புவோருக்கு எழுத்தைப் பற்றிக்கொள்வது தன்னளவில் பேறாகலாம். வரி விதிக்கும் சட்டத்தின் ஒலியிலோ தண்டனை விதிக்கும் சட்டத்தின் ஒலியிலோ அத்தகைய புனிதம் எதுவுமில்லை. அதன் சொற்கள் தம் பொருளால் மட்டுமே குடிமகனைத் தொடுகின்றன. ஆகவே வேதத்தைப் பற்றிய வழக்கில் எத்தரப்பு வென்றாலும், சட்டம் இயற்றும் அவையைப் பொறுத்தவரை குமாரிலர் தரப்பின் நிலை ஒன்றே பொருந்தும்.

இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. சட்டம் என்பது பொது நன்மைக்காக அறிவு வகுத்த ஒழுங்கு என்று வரையறுத்த இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டாலன்றிக் கட்டுப்படுத்தும் வலிமை பெறாது என்றும் சேர்த்தார். அறிவிப்பு எவ்வாறு நிகழ்கிறது? இங்கிலாந்தில் 1365இல், தம் பகுதியில் முழங்கி அறிவிக்கப்படாத சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் எழுந்தபோது, நாடாளுமன்றம் நாட்டின் உடல் முழுவதற்கும் பிரதிநிதி என்பதால், அங்கு நிகழ்ந்தது அப்போதே எல்லோருக்கும் தெரிந்ததாகச் சட்டம் கொள்ளும் என்று தலைமை நீதிபதி இராபர்ட் தோர்ப் விடையளித்தார். சட்டம் தெரியாது என்று யாரும் தப்ப முடியாது என்ற விதியின் சுமையை இன்றும் தாங்கி நிற்பது இந்தக் கருத்துதான். பிரதிநிதி கேட்டால் குடிமகன் கேட்டதாகும் என்றால், பிரதிநிதி கேளாதபோது குடிமகனுக்கு அறிவித்தவர் யார்? அறியாமையை மன்னிக்காத ஒரு சட்டம், அதை இயற்றியவர்களின் அறியாமையை மட்டும் மன்னிப்பது கொடிய அநீதி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கே வந்தது. அவையில் இருக்கும் அனைவரும் ஒருமனதாக விலக்கு அளித்தாலன்றி, ஒவ்வொரு முன்வடிவும் இரண்டு வெவ்வேறு நாள்களில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும் என்பது அம்மாநில அரசமைப்பின் விதி. 2019 மார்ச்சில், 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு முன்வடிவை முழுதும் வாசிக்கும்படி செனட்டின் சிறுபான்மைக் கட்சியினர் கோரினர். பெரும்பான்மையினர் சட்டவாசகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல கணினிகளில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 650 சொற்கள் என்ற வேகத்தில் ஒலிக்கச் செய்தனர். ஒவ்வொரு சொல்லும் ஒலித்தது. ஒரு வாக்கியமும் விளங்கவில்லை. காலத்தைக் கடத்துவதே கோரிக்கையின் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 2021இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பேரிரைச்சல் வாசிப்பாகாது என்று தீர்ப்பளித்தது. அதே வேளையில், எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அவைக்கு வகுத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் பணியன்று என்றும் ஒதுங்கிக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் பெருந்தொற்று நிவாரணச் சட்டத்தின் 628 பக்கங்களை அமெரிக்க நாடாளுமன்ற செனட்டின் எழுத்தர்கள் ஏறத்தாழ 11 மணி நேரம் மாறி மாறி, நள்ளிரவு தாண்டியும் வாசித்தார்கள். அதன் ஒவ்வொரு வாக்கியமும் விளங்கும்படியே ஒலித்தது. உட்கார்ந்து கேட்டவர்களோ மிகச் சிலர். விளங்கும் ஒலியை நீதிமன்றம் கோரலாம். விளங்கிக்கொள்ளும் செவியை எந்தத் தீர்ப்பாலும் வரவழைக்க இயலாது.

மூன்று வாசிப்புகளும் தத்தம் பொருளில் நிறைவேறியதற்குச் சான்று வேண்டுமானால் இந்திய அரசமைப்பு அவையைக் காட்டலாம். 1948 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட வரைவு எட்டு மாதங்கள் மக்கள் பார்வையில் இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அதை அவையில் முன்வைத்தபோது முதல் வாசிப்பு தொடங்கியது. பிரிவுவாரியான இரண்டாம் வாசிப்பு அந்நவம்பர் 15 முதல் 1949 அக்டோபர் 17 வரை நீடித்தது. அறிவிக்கப்பட்ட 7,635 திருத்தங்களில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. ஒரு சொல்லுக்காக, சில வேளை ஒரு நிறுத்தக்குறிக்காகக்கூட உறுப்பினர்கள் வாதிட்டதைச் சலிப்போடு குறிப்பிடுவோர் உண்டு. பிறர் வாழ்வைக் கட்டுப்படுத்தப் போகும் சொற்களை எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படியே அவர்கள் வாசித்தார்கள்.

1949 நவம்பர் 14 முதல் 26 வரை நடந்த மூன்றாம் வாசிப்பின் தன்மை வேறு. சட்டத்தின் உள்ளடக்கம் இனி மாறப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், உறுப்பினர்கள் நாள்தோறும் எழுந்து அந்த முழுமையை மதிப்பிட்டனர். வீணையின் இசையை எதிர்பார்த்த இடத்தில் ஆங்கில பேண்டு வாத்தியம் ஒலிக்கிறது என்று மைசூரின் கே. அனுமந்தையா குறைபட்டார். அவ்வாசகத்தை எழுதியவர்களுள் முதல்வரான அம்பேத்கரே நவம்பர் 25 அன்று, அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாடு நுழையவிருப்பதாக எச்சரித்தார். பிரிவு பிரிவாக வாசித்தபோது எந்தப் பிரிவிலும் தென்பட்டிராத இந்த முரண்பாடு, முழுமையையும் ஒருசேர வாசித்தபோதுதான் புலப்பட்டது. அது புலப்பட்ட நிலையிலேயே, மறுநாள் அவை அரசமைப்பை ஏற்றது.