மஞ்சள் காடியும் நசிகேதனும்



நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தைப்பூச ரதத்தில் ஆரம்பித்தாலும் அரைமணி நேரத்தில் காடியில்தான் வந்து நிற்கும். அதனால் இந்த மாதம் காடியையே எடுத்துக்கொள்கிறேன். உபநிடதத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

கேள்வி என் பெரியப்பா மகன் கேட்டது. அண்ணன் கிள்ளானில் சொந்தமாக ஏர்கோன் வேலை செய்கிறார். பத்து வருடமாக ஒரே வேனை வைத்து உழைத்தவர். "தம்பி, நீ மெக்கானிக்கல் படிக்கிறே. ஹோண்டா சிவிக் டைப் ஆர் வாங்கலாம்னு இருக்கேன். ரிக்கோண்ட் கடையில சாதாரணது ஒண்ணு இருக்கு, லிமிட்டெட் எடிஷன் ஒண்ணு இருக்கு. அது 50,000 வெள்ளி கூட. வொர்த்தா, இல்லையா? சொல்லு" என்றார்.

முதலில் படித்த படிப்புக்கு மரியாதையாக, பொறியியல் கணக்கைப் பார்ப்போம். ஆசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொருளைச் சரியாகப் பார்க்காமலே திட்டிவிடுவார்கள். அது நியாயமில்லை.

அண்ணன் சொன்னது 2020-இல் வந்த மஞ்சள் நிற லிமிட்டெட் எடிஷன். ஜப்பானில் 200 காடிகள் மட்டுமே விற்றார்கள். அப்போது அங்கே சாதாரண டைப் ஆர் 47 லட்சத்து 52 ஆயிரம் யென். இது 55 லட்சம் யென். ஏறக்குறைய 16 விழுக்காடு அதிகம். இஞ்சின் இரண்டிலும் ஒன்றே: 2 லிட்டர் டர்போ, 320 குதிரைத்திறன். அதில் மாற்றமே இல்லை. சத்தம் தடுக்கும் பஞ்சைக் குறைத்து, பிபிஎஸ் நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு ரிம் போட்டு, 20 கிலோவுக்குச் சற்று அதிகமாக எடையைக் குறைத்திருக்கிறார்கள். மிஷ்லின் கப் 2 டயர், அதற்கேற்பத் திருத்திய அப்சார்பரும் ஸ்டியரிங்கும் உண்டு. உள்ளே வரிசை எண் பொறித்த ஒரு சின்னத் தகடு.

1,400 கிலோவை நெருங்கும் காடியில் 20 கிலோ என்றால் ஒன்றரை விழுக்காடுதான். ஆனாலும் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ரிம்மில் குறைந்த எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே குறைந்த எடை. அங்கே ஒரு கிலோ குறைவது உடம்பில் ஒரு கிலோ குறைவதைவிட அதிகம் பேசும். மேடு பள்ளத்தில் சக்கரம் சாலையை விடாமல் பிடிக்கும். 2020-இல் இதே மாதிரி காடிதான் சுசூக்கா பந்தயத் தடத்தில் முன்சக்கர இயக்கக் காடிகளுக்கான வேகச் சாதனையைப் படைத்தது.

ஆக, மாதம் இரண்டு தடவை சிப்பாங் தடத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியும். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு நிற்கிறவருக்கு? சத்தம்தான் கூடுதலாகக் கேட்கும். கப் 2 பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த டயர். நம் ஊர் சாயங்கால மழையில் தேங்கும் தண்ணீரை அது விரும்பாது. சாலை வரிகூட இஞ்சின் அளவுக்குத்தான். இரண்டுக்கும் ஒரே தொகை.

இனிப் பணக் கணக்கு. ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 வருட லோன் என்று வைத்துக்கொள்வோம். 50,000 வெள்ளிக்கு வட்டி மட்டும் 13,500. மொத்தம் 63,500. அதை 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 588 வெள்ளி. காடிக்கு அல்ல, அந்த வித்தியாசத்துக்கு மட்டும்.

அண்ணனிடம் இதைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "இல்ல தம்பி, இது விலை ஏறும். உலகத்துலயே கொஞ்சம்தானே இருக்கு."

இங்கேதான் எனக்கு நசிகேதன் நினைவுக்கு வந்தான்.

கடோபநிடதக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா யாகத்தில் தானம் கொடுக்கிறார். கொடுத்ததோ பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். மகன் நசிகேதன், "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்க, அவர் கோபத்தில், "எமனுக்கு" என்று சொல்லிவிடுகிறார். பையன் போய்விடுகிறான். எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு பட்டினியாகக் காத்திருக்கிறான். விருந்தாளியைக் காக்க வைத்ததற்காக எமன் மூன்று வரம் தருகிறார். மூன்றாவது வரமாக, இறந்த பிறகு என்ன என்ற உண்மையைக் கேட்கிறான் அவன்.

எமன் பேச்சை மாற்றப் பார்க்கிறார். நீண்ட ஆயுள், பேரன் பேத்தி, பொன், யானை, குதிரை, நிலம் என்று அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் ரதமும் இருக்கிறது! மனித உலகில் எளிதில் கிடைக்காததை எல்லாம் எடுத்துக்கொள் என்கிறார். யோசித்துப் பாருங்கள், உலகின் முதல் லிமிட்டெட் எடிஷன் விற்பனையாளர் எமதர்மன்தான்! இதெல்லாம் நாளை இருக்காது, புலன்களின் பலத்தைத் தேய்த்துவிடும், உங்கள் ரதம் உங்களிடமே இருக்கட்டும் என்று அந்தச் சின்னப் பையன் பதில் சொல்கிறான்.

அதற்குப் பிறகுதான் எமன் பாடத்தையே ஆரம்பிக்கிறார். மனிதனிடம் இரண்டு வருகின்றன: சிரேயஸ், பிரேயஸ். ஒன்று நன்மையானது, மற்றது இனிப்பானது. கவனியுங்கள், இரண்டும் தேடி வருகின்றன. இனிப்பானதெல்லாம் பாவம் என்று அவர் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே அறிவாளி என்கிறார்.

அண்ணனின் 50,000 வெள்ளியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பங்கு ரிம்முக்கும் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் போகிறது. அது பொருளின் விலை. மீதி அந்தத் தகட்டில் உள்ள எண்ணுக்கு. அதாவது, அடுத்தவனிடம் இது இல்லை என்பதற்கு நாம் கொடுக்கும் விலை. நாளைக்கே அந்த நிறுவனம் இன்னும் பத்தாயிரம் காடிகள் செய்தால், காடியில் ஒரு திருகாணிகூட மாறாது. ஆனால் நம் சந்தோஷம் குறைந்துவிடும். அடுத்தவனுக்குக் கிடைக்காமல் இருந்தால்தான் நிற்கும் சந்தோஷம் எப்படிப்பட்ட சந்தோஷம்?

கோயிலில் இதற்கு நேர் எதிர். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதமும் எல்லோரும் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடியது அல்ல. ஆனால் லட்சம் பேர் பார்த்ததால் ஒருவருடைய தரிசனம் குறைந்து போனதா? பிரசாதம் பகிர்ந்தால் மதிப்பு ஏறுகிறது.

விலை ஏறும் என்ற வாதத்துக்கு வருவோம். விலை ஏற வேண்டுமென்றால் கிலோமீட்டர் ஏறக் கூடாது. வெயிலில் நிறுத்தக் கூடாது, மழையில் எடுக்கக் கூடாது, தம்பியிடம் சாவி கொடுக்கக் கூடாது. ஓட்டினால் மதிப்புப் போகும், ஓட்டாவிட்டால் காடி எதற்கு? பூதம் புதையலைக் காத்த கதைதான். காடிக்கு முதலாளி ஆகிறோம் என்று போய், காவற்காரன் ஆகிவிடுகிறோம், அதுவும் மாதம் 588 வெள்ளி கட்டிக்கொண்டு.

அதே கடோபநிடதம் கொஞ்சம் தள்ளி ஒரு ரதத்தைக் காட்டுகிறது. உடல்தான் ரதம். புலன்கள் குதிரைகள். மனம் கடிவாளம். புத்தி சாரதி. ஆத்மா உள்ளே அமர்ந்து பயணம் செய்பவன். டிசைன் படிக்கிற எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். எல்லாப் பாகமும் அதனதன் இடத்தில் இருக்கிறது. குதிரைகளை வெட்டிவிடச் சொல்லவில்லை. குதிரை இல்லாமல் ரதம் நகராது. சாரதி தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவருடைய தம்பி தொழிற்பயிற்சி முடித்துவிட்டு, அண்ணன் இரண்டாவது வேன் எடுப்பார், சேர்ந்து வேலை செய்யலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறான். அவன் வாய் திறந்து கேட்கமாட்டான். அந்த மாதம் 588 வெள்ளி, ஒரு பழைய வேனின் தவணையில் பெரும் பங்கு. இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "அதுவும் நெனப்புல இருக்குடா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சாதாரண டைப் ஆர் எடுத்தா ஓகேவா?" என்றார். "அண்ணே, அதையும் இதே கேள்வியில போட்டுப் பாருங்க" என்றேன். சிரித்தார். முடிவு அவருடையது. பத்து வருடம் உழைத்தவருக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, நம் சமயமும் அப்படிச் சொல்லவில்லை. பொருளும் இன்பமும் நான்கு புருஷார்த்தங்களில் இரண்டு. ஆனால் அறம் முன்னால் நிற்கிறது.

காடி, போன், காலணி, எது லிமிட்டெட் என்று வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பதை நான் உண்மையிலேயே பயன்படுத்துவேனா? இதே பொருள் எல்லோரிடமும் இருந்தாலும் எனக்கு இது வேண்டுமா? இந்தப் பணத்துக்காக வாய் திறக்காமல் காத்திருப்பவர் யாராவது வீட்டில் இருக்கிறாரா? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், தயங்காமல் வாங்குங்கள், தயங்காமல் விட்டும்விடுங்கள்.

புதுக் காடியைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். மைவிக்கும் அதே எலுமிச்சம்பழம்தான், மஞ்சள் டைப் ஆருக்கும் அதேதான். நசுக்கிவிட்டு நகர்வதற்கு முன்னால் ஒரு நொடி உள்ளே பாருங்கள், சாரதி விழித்திருக்கிறானா என்று.