யார் எழுதிய விதி?

1897 ஜனவரியில் கொழும்பில் கரையிறங்கிய சுவாமி விவேகானந்தர் ரயிலேறிக் கண்டிக்கு வந்தார். அங்கிருந்து மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்று இந்தியா திரும்பினார். அடுத்த மாதம் சென்னை இளைஞர்களிடம் பேசும்போது, கீதை படிப்பதைவிட உதைபந்தாடினால் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் போகலாம் என்ற கருத்தைச் சொன்னார். உடம்பில் உரமும் காலில் உறுதியும் உள்ளவனுக்கே கீதை நன்றாக விளங்கும் என்பது அவர் வாதம்.

எந்த உதைபந்து என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கே உலகில் ஐந்தாறு வகை உதைபந்தாட்டங்கள் இருந்தன. நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் கோல்காப்பாளரைத் தவிர வேறெவரும் பந்தைக் கையால் தொடக்கூடாது. ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் முன்னால் நிற்கும் தன் அணியினருக்கு எறியக்கூடாது. அமெரிக்கர்களோ 1906 முதல் அப்படி முன்னோக்கி எறிவதை அனுமதித்து, அதையே தங்கள் ஆட்டத்தின் அழகாக்கிக் கொண்டார்கள். 1859இல் மெல்பேர்னில் பத்து விதிகளோடு பிறந்த ஆஸ்திரேலிய ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது; ஆனால் பந்தை எறிய முடியாது, முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். அயர்லாந்தின் கேலிக் ஆட்டத்தில் பந்தோடு நாலு எட்டு வைத்துவிட்டால், அதைத் தரையில் தட்ட வேண்டும் அல்லது காலில் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும்.

இந்த ஆட்டங்களைப் பிரித்துக் காட்டுவது பந்தின் வடிவத்தைவிட அவை போடும் தடைகள்தான். அந்தத் தடைகள் எதையும் இயற்கை விதிக்கவில்லை, எந்த வேதமும் சொல்லவில்லை. ஒரு விடுதியிலோ கழக அறையிலோ சிலர் கூடியிருந்து எழுதியவை அவை. இருந்தும், கோலுக்கு ஒரு முழம் முன்னால் நிற்கும் வீரன் கைக்கெட்டிய பந்தைக் கையால் தள்ளிவிடாமல் நிற்கிறான். மனிதன் எழுதிய ஒரு வரிக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியான தன் நூலில் இதற்கு ஒரு விடை தந்தார். வேலையில் நாம் எளிய வழியைத் தேடுகிறோம். விளையாட்டிலோ கடினமான வழியை விரும்பி ஏற்கிறோம், அந்தத் தடை இல்லையென்றால் ஆட்டமே இல்லை என்பதால். விதியின் அதிகாரம் ஆடுபவரின் சம்மதத்தில் இருக்கிறது என்பது இதன் சாரம்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் புத்தகமின்றியே புரிந்துகொள்ளலாம். நுவரெலியாவுக்குக் கிழக்கே சரிந்து இறங்கும் அந்த மலைகளில் மட்டமான நிலம் அரிது. லயத்துப் பிள்ளைகள் கிடைத்த இடத்தில் இரண்டு கல்லை நட்டு கோல் ஆக்குகிறார்கள். பக்கத்துக்கு எத்தனை பேர், பந்து தேயிலைக்குள் உருண்டால் யார் போய் எடுப்பது, கல்லுக்கு மேலே எவ்வளவு உயரம் வரை கோல் என்று முதலில் பேசி முடிக்கிறார்கள். நடுவர் கிடையாது. பேசிய விதியை ஒருவன் மீறினால் ஆட்டம் நின்றுவிடும். அந்த அச்சமே போதுமான காவல்.

ஆனால் சம்மதம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியுமா? பிறந்த ஊரின் ஆட்டத்தைத்தானே பெரும்பாலோர் ஆடுகிறார்கள்? அவர்கள் எப்போது, எந்த விதிக்குச் சம்மதித்தார்கள்? இந்தக் கேள்விக்கு உதைபந்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அது முழுக்கப் பிரிவினைகளின் வரலாறு.

1863 அக்டோபரில் லண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் உருவானது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைக்கலாமா என்பதில் தகராறு வந்தது. அந்த உதை போனால் ஆண்மையும் துணிவும் போய்விடும் என்று பிளாக்ஹீத் கழகம் வாதிட்டது. தோற்றதும் வெளியேறியது. 1871இல் அக்கழகமும் சேர்ந்து ரக்பி ஒன்றியத்தை உருவாக்கியது. அந்த ஒன்றியம் முதல் வேலையாக அந்த உதையைத் தடைசெய்தது. வெளியேறியவர்கள் தங்கள் கையில் விதி வந்ததும் தாங்களே யோசித்து மாறினார்கள்.

அடுத்த பிளவு மலையக வாசகருக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்தின் வடக்கே ரக்பி ஆடியவர்களில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஏராளம். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியைக் கழகம் ஈடுசெய்யலாம் என்று அவர்கள் கேட்டார்கள். பணம் வாங்குவது ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்று ஒன்றியம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கழகங்கள் கூடிப் பிரிந்தன. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் அப்படித்தான் பிறந்தது. வேலைக்கணக்கில் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை, கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கோடு வாழ்பவர்களுக்கு இந்தப் பிளவின் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

அயர்லாந்தில் கேலிக் சங்கம் அந்நிய ஆட்டங்களை ஆடிய தன் உறுப்பினர்களைப் பல பத்தாண்டுகள் விலக்கிவைத்தது. 1920 நவம்பரில் டப்ளின் குரோக் பூங்காவில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படை சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால் அந்தக் கடுமை புரியும். ஆனாலும் 1971இல் அந்தத் தடை நீங்கியது. 2005இல் உறுப்பினர்கள் வாக்களித்துத் திறந்துவிட்டதால், 2007இல் அதே குரோக் பூங்காவில் ரக்பியும் உதைபந்தும் நடந்தன.

ஆகவே சம்மதம் ஒருநாள் போடும் கையெழுத்து அன்று. வெளியேற ஒரு கதவும், விதியை மாற்றப் பேச ஒரு வாயும் இருக்கும்வரை அது உயிரோடிருக்கிறது. அவை இரண்டும் மூடப்பட்டால் விதி நிலைக்கலாம். அதன் நியாயம் நிலைக்காது.

மலையகம் இதற்குச் சாட்சி. தோட்டத் துரைமார் டிக்கோயாவின் தரவளை மைதானத்திலும் டிம்புள பகுதியின் ரதெல்ல மைதானத்திலும் கழகங்கள் அமைத்து ரக்பி ஆடினார்கள். கண்டியில் எல். ஈ. பிளேஸ் 1891இல் கிங்ஸ்வூட் பள்ளியைத் தொடங்கி மாணவருக்கு ரக்பியைக் கற்பித்தார். ஆட்டம் நற்குணத்தை வளர்க்கும் என்பது அக்காலப் பள்ளிகளின் உறுதியான நம்பிக்கை. மைதானத்தில் துரை விசிலுக்குக் கட்டுப்பட்டார், எதிரணியைத் தனக்குச் சமமாக மதித்தார். அதே துரையின் தோட்டத்தில் கடன் தீர்த்ததற்கான துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 வரை அந்த முறை இருந்தது. பிளாக்ஹீத் கழகத்துக்குத் திறந்திருந்த கதவு இவர்களுக்கு மூடியிருந்தது.

வாயும் அடைக்கப்பட்டது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே அவர்களை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். யார் எங்கே வாழ விரும்புகிறார் என்று அந்த மக்களிடம் கேட்டுப் போடப்பட்ட கணக்கல்ல அது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழிபிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

பப்புவா நியூ கினியின் ககுகு-கமா மக்கள் உதைபந்தைக் கற்றபின், இரு தரப்பும் பெற்ற வெற்றிகள் சமமாகும்வரை எத்தனை நாளானாலும் ஆடினார்கள் என்று மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் குறித்திருக்கிறார். ஜப்பானின் பழைய கெமாரி ஆட்டத்தில் வென்றவரும் தோற்றவரும் இல்லை. பந்து நிலத்தில் விழாமல் எல்லாரும் சேர்ந்து காக்க வேண்டும். எதற்காக ஆடுகிறோம் என்பதையே மனிதர் தாமே தீர்மானிக்கலாம், பழையதைக் கலைத்து வேறாகவும் எழுதலாம் என்பதற்கு இவை ஆதாரம். தோட்டத்து வாழ்வைத் தலையெழுத்து என்று சொல்லிப் பழகிய காதுகளுக்கு இது அவசியமான செய்தி.

அப்படி மாற்றி எழுத வேண்டிய விதிகளில் கூலியும் ஒன்று. தோட்டக் கூலியை நெடுங்காலம் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் கூட்டு ஒப்பந்தத்தில் பேசி முடிவுசெய்தார்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் நாட்சம்பளத்தை அறிவித்தபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகின. கூலி மறுபடி பேச்சுக்கு வரும்போது, ஒருநாள் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற விதியும் மேசையில் இருக்க வேண்டும். அதைப் பேசுபவர்களில் கூடை சுமக்கும் பெண்களும் இருக்க வேண்டும்.