முன்னால் போகிறவன்

பந்தயத்தில் பின்தங்கியவனுக்காக இரங்க ஆயிரம் பேர் உண்டு. முன்னால் போகிறவனுக்காக யாரும் இரங்குவதில்லை.

பார்சலோனா உலகப் பந்தயம் என்று ஒன்று நடந்தது. அறுபது அடிப் பாய்மரப் படகு. அதில் இரண்டே பேர். பார்சலோனாவில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனை, ஹார்ன் முனை எல்லாம் சுற்றிக்கொண்டு பார்சலோனாவுக்கே திரும்ப வேண்டும். 2010 டிசம்பர் 31 அன்று தொடங்கிய பந்தயத்தில் ழான் பியர் டிக், லோயிக் பெய்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் 93 நாளும் 22 மணி நேரமும் கடந்து முதலில் வந்தார்கள். அடுத்து வந்த ஸ்பானியர்கள் இகர் மார்ட்டினெஸும் ஷாபி பெர்னாண்டஸும். உலகத்தையே சுற்றிய பிறகு இரு படகுகளுக்கும் இடைவெளி ஒரு முழு நாள்கூட இல்லை!

கடலில் முன்னிலை என்பது பெட்டியில் பூட்டி வைக்கக்கூடிய பொருள் அல்ல. காற்று செத்த இடத்தில் முதலில் போய் மாட்டிக்கொள்கிறவன் முன்னால் போகிறவன்தான். அவன் பாய் தொங்கிக் கிடக்கும்போது பின்னால் வருகிறவனுக்கு இன்னும் காற்று இருக்கும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது செயற்கைக்கோள் மூலம் படகுக்குள்ளேயே தெரிந்துவிடுவதால், பின்னவன் முன்னவனின் அவதியைக் கண்டு வேறு வழி திரும்பிவிடலாம். முன்னவன் யாரைப் பார்த்துத் திரும்புவது?

இதற்குப் பழைய யுக்தி ஒன்று உண்டு. எதிராளிக்கும் இலக்குக்கும் நடுவில் நில். அவன் திரும்பினால் நீயும் திரும்பு. அவனுக்குக் கிடைக்கும் காற்றே உனக்கும் போதும், ஜெயம் உன்னுடையதுதான். கணக்கு சரி. ஆனால் இப்போது யார் யாரைப் பின்பற்றுகிறார்கள்?

எனக்கும் இந்த நோய் வந்ததுண்டு. ஒரு தொடர்கதைக்குக் கடிதங்கள் குவிந்தன. அடுத்ததை எழுதும்போது கை என்னுடையது. கதை, கடிதம் போட்டவர்களுடையது. அதை இன்று எடுத்துப் படிக்க எனக்குத் துணிவில்லை.

இருந்தாலும் அந்தக் கடலோடியைக் கோழை என்று சொல்ல மனம் வரவில்லை. உள்ளே ஒருவன் தூங்குகிறான். ஒருவன் காவலிருக்க மற்றவன் உறங்குவதுதான் அந்தப் படகின் வாழ்க்கை. காக்கப்படும் முன்னிலையில் பாதி, தூங்குகிறவனுடையது. தனியாகக் கெட்டால் அது என் துணிச்சல். தம்பிமாரை வைத்துச் சூதாடிய தருமனைத் துணிச்சல்காரன் என்று யாரும் சொன்னதில்லையே!

ஆனால் இந்த நியாயத்திலும் ஒரு பொத்தல் இருக்கிறது. 'குழந்தை குட்டிகள் இருக்கிறார்களே' என்று சொல்லி, பிடிக்காத உத்தியோகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். அதில் பாதி பொறுப்பு. மறுபாதி, குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. எந்தப் பாதி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. நடுராத்திரி சுக்கானைப் பிடித்து நிற்பவனுக்கு மட்டும் தெரியுமா என்ன?

தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டுவிடலாம். ஆனால் அவன் கண்ணை மூடி இருபது நிமிஷம்தான் ஆகிறது. கடலில் தூக்கம் சோற்றைவிட அருமை. நானாக இருந்தால், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று எழுப்பியிருப்பேன்.