ரேகையும் சாட்சியும்

கையெழுத்து ஒரு செயல். போடலாம், போட மறுக்கலாம். ரேகை அப்படியல்ல, தூங்குகிறவன் விரலிலும் அது இருக்கிறது. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையைப் பத்திரத்தில் பதித்துக்கொண்டார். கையெழுத்தைப் பின்னால் மறுக்காதபடி பயமுறுத்தத்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். பணத்துக்கு வருகிறவன் பொய்யனாக இருக்கலாம் என்ற அந்த அனுமானம், ஆதார் ரேகை பார்த்துப் பணம் தரும் இன்றைய கைக்கருவிக்குள்ளும் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

ஜவ்வாது மலைக்காரருக்கு இக்கருவி ஏடிஎம் தேடி இறங்கும் அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. கவுண்டருக்குப் பின்னால் நாற்காலியில் இருக்கும் நான் அதைக் கேலி செய்வது அயோக்கியத்தனம். ஆனால் அட்டையின் ரகசிய எண் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. சாமை அறுத்து, புளி தட்டித் தேய்ந்த விரலையோ கருவி அறிவதில்லை. உழைப்பே ஆளை அழித்துவிடுகிறது.

கைநாட்டுக்கு வங்கியில் சாட்சி கேட்போம். தெரிந்த ஒருவர், இவர்தான் என்று கையெழுத்திடுவார். அதில் எழுதத் தெரிந்தவனின் தயவு என்ற அவமானம் உண்டு, சில சமயம் தரகும் உண்டு. இருந்தும் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். கருவி ‘பொருந்தவில்லை’ என்றால் யாரைக் கேட்பது?

போன மாதம் உதவித்தொகைக்கு வந்த கிழவியை உடன் வந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அது செல்லாது. “அழுத்தி வைங்க ஆயா” என்றார் முகவர். அவள் விரலைப் புடவையில் துடைத்து நான்காம் தடவை வைத்தாள்.