பெயர் கேளாத பரிவு

பள்ளியில் பயிலும் ஒரு குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பின், அதை அறியும் உரிமை மற்றப் பெற்றோருக்கு உண்டா? 2003ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லத்தில், தொற்றுள்ள உடன்பிறப்புகள் இருவருக்குப் பள்ளிக் கதவுகள் அடைக்கப்பட்டன. அஞ்சிய பெற்றோரும் பிள்ளைப் பாசத்தாலேயே அஞ்சினர். ஆயினும் உடனமர்வதாலோ உடனுண்பதாலோ இத்தொற்று பரவாது.

குருதி எவர் காயத்தில் கசிந்தாலும் கையுறை அணிந்தே மருந்திடுவதைப் பள்ளி விதியாக்கினால், அனைவரும் காக்கப்படுவர். எவர் பெயரும் தேவைப்படாது. முசரவாக்கம் போன்ற சிற்றூரில், ஒருமுறை வெளிப்பட்ட பெயரைத் திரும்ப மறைக்க இயலுமா? கல்விக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கோருவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

சட்டம் கதவைத் திறக்கலாம். அருகில் இடம் தருவது நாமே. தொழுநோயாளரை ஆண்டவர் குணமாக்கிய பின் தொடவில்லை, தொட்டே குணமாக்கினார்.